இரத்த சோகையும் இரும்புச் சத்துக் கம்பும்

களையெடுத்துக் கதிரறுத்து உழைக்கும் நமது கிராமத் தாய்மார்கள் பலர், சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குவதாகவும் தலை சுற்றுவதாகவும் கூறக் கேட்கிறோம். இது வெறும் உழைப்பின் அயர்வன்று; பல வேளைகளில் இரத்த சோகையின் அறிகுறியாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரிடம் இக்குறை காணப்பட்டது. உணவில் இரும்புச் சத்துப் போதாமை இதன் முக்கிய காரணங்களுள் ஒன்று.

அன்றாடம் உண்ணும் தானியத்திலேயே அச்சத்தைப் பெருக்க இயலுமா? ஹைதராபாத்தை அடுத்த இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் செய்து காட்டியுள்ளனர். கம்புப் பயிரில் இரும்புச் சத்து மிகுந்த செடிகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கி, அவர்கள் உருவாக்கிய 'தனசக்தி' ரகம் 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டது. இதன் ஒரு கிலோ தானியத்தில் சுமார் 70 மில்லிகிராம் இரும்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பது ஏறக்குறைய இதில் பத்தில் ஒரு பங்கே.

மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளுக்கு, நாள்தோறும் இரு வேளை இரும்புச் சத்து மிக்க கம்பு ரொட்டியை ஆறு திங்கள் அளித்துச் சோதித்தனர். சத்துக்குறை உடையவருள், சாதாரணக் கம்பு உண்டோரைக் காட்டிலும் இவர்களுக்கு அக்குறை நீங்கும் வாய்ப்பு 1.6 மடங்காயிருந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

எனினும், தானியத்திலுள்ள சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. கம்பிலுள்ள பைட்டிக் அமிலம் அதனைத் தடுக்கும். ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் இத்தடையைக் குறைக்கும். ஆதலின் நம் முன்னோர் வழக்கமான புளித்த கம்பங்கூழ் சிறந்த உணவேயாகும். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தல் நன்று. உணவோடு தேநீரும் காப்பியும் அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். கம்பு மாவு விரைவில் கசப்பேறுமாதலால், வேண்டும்போது சிறிது சிறிதாக அரைத்துக் கொள்ளலாம். கர்ப்பிணிகள் இவ்வுணவை உண்பதனால் சுகாதார நிலையத்தார் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளை நிறுத்திவிடலாகாது.

'தனசக்தி' வீரிய ஒட்டு ரகமன்று; ஆகவே விதையைக் குடியானவரே எடுத்து வைக்கலாம். ஆனால் கம்பு அயல் மகரந்தச் சேர்க்கையுடைய பயிர். அண்டை வயலின் மகரந்தம் கலந்தால் ரகத்தின் தூய்மை கெடும். வயலின் நடுப்பகுதியில் விளைந்த கதிர்களையே விதைக்குக் கொள்வதும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய சான்று விதை பெறுவதும் நலம்.

விளைந்ததனைத்தையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் அரிசிச் சோற்றை மட்டுமே உண்போமாயின் இம்முயற்சியின் பயன் நம் இல்லத்தைச் சேராது. ஆண்டுச் செலவிற்கு வேண்டிய கம்பை முதலில் குதிரில் இட்டு, எஞ்சியதையே விற்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறியபின் கடைசியில் உண்ணும் தாய்க்கும் மகளுக்கும் அதில் உரிய பங்கு கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது குடும்பத் தலைவரின் கடமையாகும்.