வெந்நீர் நாட்டில் ஒரு பகல்

நம் சங்கக் குடும்பம் ஒன்றின் மகள் அண்மையில் விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தாள். ஐஸ்லாந்து நாட்டின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில் புவிவெப்ப ஆற்றலைப் பயில்பவள் அவள். தாயாரின் வளையல்கள் வங்கியில் அடகிருக்க, கடல் கடந்து சென்றவள். "அப்படி என்னதான் படிக்கிறாய், அம்மா?" என்று நாம் வினவ, தன் ஒரு நாளை அவள் விரித்துரைத்தாள். நேயர்களுக்கு அதனைத் தருகிறோம்.

டிசம்பர்த் திங்களில் அங்கே கதிரவன் எழுவது முற்பகல் 11 மணியளவில். மறைவது பிற்பகல் 3.30 மணியளவில். இருளில் எழுந்து குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. கந்தக வாடையும் உடன் வருகிறது. அஃது அடுப்பில் காய்ச்சிய நீரன்று, நிலம் காய்ச்சிய நீர். அந்நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது இவ்வெப்பத்தாலேயே குளிர் நீங்குகின்றன. முன்னாளில் அந்நகரப் பெண்டிர் துணிமூட்டை சுமந்து, வெளுப்பதற்காக வெந்நீர் ஊற்றுக்கு நடந்து செல்வராம். 1930-இல் அந்நீரே குழாய்வழி நகருக்கு வந்தது.

காலையில் மாணவர்கள் ஹெல்லிஷெய்தி மின்னிலையத்திற்குச் சென்றனர். 303 மெகாவாட் மின்திறன் கொண்டது அது. 2 கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே துளையிட்ட கிணறுகளிலிருந்து நீராவியும் வெந்நீரும் சீறி எழுகின்றன. நீராவி சுழலியை உருட்டுகிறது. மிஞ்சும் வெப்பம் நகருக்கான நீரைச் சூடாக்குகிறது. உடன் எழும் கரியமில வாயுவின் ஒரு பகுதியை நீரிற் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்த, அஃது இரண்டே ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் கல்லாகிவிடுகிறது!

"ஆனால் மாமா, எல்லாக் கிணறும் பலன் தருவதில்லை. பணத்தைப் போட்டுத் தோண்டிய பிறகுதான் வெப்பம் உண்டா இல்லையா என்று தெரியும்" என்றாள் அவள். தாயார் தம் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

பிற்பகலில் ஸ்ட்ரோக்கூர் என்னும் ஊற்றைக் கண்டனர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீர் 15, 20 மீட்டர் உயரம் பீறிடுமாம். நிலத்தட்டுகள் இரண்டு ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவில் விலகும் நாடாதலின், நெருப்பு அங்கே அருகிலேயே இருக்கிறது. மாலையில் லாய்கர்வட்ன் ஏரிக்கரையில், சுடுமணலில் ஒரு நாள் முழுதும் புதைத்து வேகவைத்த ரொட்டியை உண்டனர். அப்போது, சிறுவயதில் இமாசலத்து மணிகரணில் ஊற்றுநீரில் வெந்த சோற்றை அப்பா ஊட்டியது நினைவு வந்து, அவளுக்குக் கண் கலங்கியதாம்.

"அதெல்லாம் சரி, நம் நாட்டில் இதற்கு வேலை உண்டா?" என்றார் தகப்பனார்.

"லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு இருக்கிறதே, அப்பா! 4,400 மீட்டர் உயரம். அங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்க 2021-இல் ஒப்பந்தம் ஆயிற்று. பெரிய நிலையம் எழ நாளாகும். தோண்டத் தெரிந்தவர்கள் வேண்டாமா?"

தகப்பனார் மறுமொழி கூறவில்லை. மறுவாரம் அவளை வழியனுப்ப நாமும் சென்றோம். வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. ஆயினும் அம்மையார் நம்மிடம் கேட்டது அவற்றைப் பற்றியன்று: "பூகாவில் குளிர் அதிகமோ?"