பணிக்கேற்ற டிரோன்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடிவதற்கு முன், சிலாங்கூர் மாநிலம் பத்தாங் காலியில், கெந்திங் மலைச்சாலையை ஒட்டியிருந்த முகாம் தளம் ஒன்றின்மீது மண் சரிந்து விழுந்தது. கூடாரமிட்டுத் தங்கியிருந்தோரில் 31 பேர் உயிரிழந்தனர். 61 பேர் உயிர் தப்பினர். தரையில் நின்று பார்ப்பவருக்கு இத்தகைய சரிவின் ஒரு பகுதி மட்டுமே தெரியும். அது எங்கே தொடங்கியது, எவ்வளவு தூரம் பரவியது என்பதை வானிலிருந்து எடுத்த படங்களே ஒரே பார்வையில் காட்டின.

முன்பு ஹெலிகாப்டரை நம்பியிருந்த இப்பணியை இன்று தோள்பையில் அடங்கும் சிறிய டிரோன் செய்துவிடுகிறது. மலைச்சரிவுகளைக் கண்காணிக்கவும், செம்பனைத் தோட்டங்களை ஆராயவும், கட்டுமானப் பணிகளைப் பதிவு செய்யவும் அது உதவுகிறது. ஆனால், எல்லா டிரோனும் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. எடுக்கப்போகும் படம் எந்தக் கேள்விக்கு விடை தர வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது கேமரா. ஒளியை உள்வாங்கும் ஒளியுணரி பெரிதாக இருந்தால், மேகமூட்டமான காலையிலும் படம் தெளிவாக அமையும். வரைபடம் தயாரிப்பதற்கு இயந்திர ஷட்டர் உள்ள கேமராவே சிறந்தது. சாதாரண மின்னணு ஷட்டர், படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. டிரோன் வேகமாக நகரும்போது எடுக்கும் படம் இதனால் சற்றுக் கோணிவிடும், அளவுகளும் பிழைபடும். எடுத்துக்காட்டாக, டி.ஜே.ஐ. மாவிக் 3 எண்டர்பிரைஸ் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடை கொண்டது. எனினும், அதில் இயந்திர ஷட்டருடன் கூடிய 20 மெகாபிக்சல் கேமரா உள்ளது. அது 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 2.7 செண்டிமீட்டரைக் குறிக்கும். மண்ணில் தோன்றும் விரலளவு வெடிப்பைக் காண வேண்டுமானால் இன்னும் தாழ்வாகப் பறக்க வேண்டும்.

சில பணிகளுக்குச் சாதாரண கேமரா போதாது. காணாமல் போனவரை இரவில் தேடுவதற்கு, உடல் வெப்பத்தை உணரும் வெப்பக் கேமரா உதவும். ஆயினும், மண்ணுக்கு அடியில் புதைந்திருப்பவரை அதனால் காண இயலாது. அடர்ந்த இலைகளும் அதன் பார்வையை மறைக்கும். தோட்டங்களில் நோயுற்ற மரங்களைக் கண்டறிய, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் பல்நிறமாலைக் கேமரா ஏற்றது. ஒரு ஹெக்டரில் நூற்றுக்கும் மேற்பட்ட செம்பனைகள் நிற்பதால், ஒவ்வொன்றையும் நடந்து சென்று பார்ப்பதைவிட இது விரைவானது.

அடுத்தது, பறக்கும் திறன். விளம்பரத்தில் குறிப்பிடப்படும் பறக்கும் நேரம், காற்று குறைந்த சோதனைச் சூழலில் அளக்கப்பட்டது. மலைக்காற்றை எதிர்த்துப் பறக்கும்போது மின்கலம் விரைவில் தீரும். திரும்பி வரவும் மின்னாற்றல் மிஞ்ச வேண்டும். ஆகவே, தொழில்முறைப் பணியாளர்கள் பல மின்கலங்களை உடன் எடுத்துச் செல்வர். 250 கிராமுக்கும் குறைவான டிரோன்கள் சுமப்பதற்கு எளியவை. ஆனால், பலத்த காற்றில் எளிதில் அலைக்கழியும். சிறிய டிரோன்களில் பல மழைநீரைத் தாங்கா என்பதால், மாலை மழைக்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது.

மலைப்பகுதியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பொதுவாக, கருவி காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவதாகும். அடிவாரத்திலிருந்து 100 மீட்டர் மேலெழுந்த டிரோன், 80 மீட்டர் உயர்ந்த சரிவின் மேலே வரும்போது நிலத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்குள்ள மரம் அதைவிட உயரமாக இருந்தால் மோதிவிடும். எனவே, நிலத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தானே உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, மலைப்பணிக்கு மிகவும் தேவையானது.

கருவி சிறந்ததாயினும் சட்டத்தை மீற முடியாது. மலேசியாவில் 400 அடிக்கு மேல் பறக்கவும், தொழில்முறைப் பணிக்காக டிரோனைச் செலுத்தவும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவை மற்றும் வரைபடத் துறையான ஜூப்பெமின் அனுமதியையும் பெற வேண்டும்.

ஒரு சரிவை மாதந்தோறும் ஒரே பாதையில் பறந்து படமெடுத்து ஒப்பிட்டால், புதிய வெடிப்பையும் மண்ணின் நகர்வையும் முன்கூட்டியே அறிய வாய்ப்புண்டு. அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்தால், சரிவின் கீழ் உறங்குவோரை அப்புறப்படுத்தலாம். பொருத்தமான டிரோனைத் தேர்ந்தெடுப்பதன் உண்மையான பயன் அதுவே.