தார் ரோடு நிற்கும் இடம்

கண்டியிலிருந்து கலஹா வழியாக ஏறினால் தெல்தோட்டை. அதற்கு மேலே லூல்கந்துரைத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது இங்கேதான். இந்த மலையில் கிராமமும் தோட்டமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டுக்கும் உள்ளூராட்சி ஒன்றுதான்: பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபை.

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. உள்ளூர் ரோடு, தெரு விளக்கு, குப்பை, சந்தை, மயானம், வாசிகசாலை ஆகியவை அவற்றின் பொறுப்பு. பள்ளிக்கூடம் அவற்றின் கையில் இல்லை. இங்கே பலர் பிரதேச செயலகத்தையும் சபையையும் ஒன்றென்று நினைத்து அலைகிறார்கள். செயலகம் அரசாங்கத்தின் அலுவலகம், கிராம சேவகர் அதன் ஆள். சபையில் இருப்பவர்கள் நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள்.

குடியுரிமை இருந்த தோட்டத்து மக்களும் வாக்குப் போட்டார்கள். ஆனால் பல காலம் சபையின் பணம் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. கிராமத்துத் தார் ரோடு தோட்டத்துக் கல்லோடு நின்றுவிடும். அப்புறம் லயம் வரைக்கும் குழியும் சேறும்தான். பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்த பாதை அது.

காரணம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. பொது வசதிகளை அது கிராமங்களுக்கென்றே சொன்னது. தோட்டம் தனியார் நிலம் என்று ஒதுக்கப்பட்டது. அதே சட்டம் பயிர் நிலத்துக்கு ஏக்கர் வரி வாங்க மட்டும் சபைக்கு இடம் கொடுத்திருந்தது. தோட்டத்திலிருந்து வரி எடுக்கலாம், தோட்டத்துக்கு ஒரு மின்குமிழ் போடக் கூடாது. இது பெரிய அநியாயம். இந்தச் சட்டம் எழுதப்பட்ட நேரம், 1948இல் பறிபோன குடியுரிமை தோட்டத்தில் பலருக்குத் திரும்பக் கிடைத்திருக்கவில்லை. மிச்சப் பேருக்கு 2003இல்தான் கிடைத்தது. வாக்கில்லாதவருக்காக யார் பேசியிருப்பார்கள்?

2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது தோட்டக் குடியிருப்புக்கும் சபை தன் நிதியில் வேலை செய்யலாம். நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அதனோடு பேசித்தான் ஆக வேண்டும். அங்கேதான் பல வேலைகள் இழுபடுகின்றன.

லயத்துப் பாதைக்கோ பீலிக்கோ விளக்குக்கோ மனு எழுதினால், தவிசாளர் பெயருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 33ஆம் பிரிவையும் 2018 திருத்தத்தையும் அதில் குறிப்பிடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் சபை முத்திரையும் திகதியும் விழுந்த பிறகே திரும்பி வாருங்கள்.