புதிய உற்பத்திகளுக்கான எண்ணங்கள் எங்கிருந்து பிறக்கின்றன?

நகர்ப்புறங்களில் மாத்திரமன்றி கிராமங்களிலும் எமது சமையலறைகள் பலவற்றில் இன்று இடம்பிடித்திருக்கும் பொருள் றைஸ் குக்கர். அரிசியையும் நீரையும் இட்டு ஆளியை அழுத்திவிட்டு வேறு அலுவலைக் கவனிக்கச் செல்பவர்கள், அந்த ஆளி தானாகவே நிற்கும் கணத்தின் பின்னால் எவருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கில்லை. ஆனால், புதிய பொருட்களையும் சேவைகளையும் திட்டமிடுவதைத் தமது தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் கதையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஜப்பானில் மின்சாரத்தால் சோறு சமைக்கும் கருவியொன்றை உருவாக்க முனைந்தவர்களுள் மசாரு இபுக்காவும் ஒருவர். பின்னாளில் சோனி எனப் பெயர் பெற்ற நிறுவனத்தை நிறுவிய அதே இபுக்காதான். மரத்தொட்டியின் அடியில் அலுமினிய மின்வாய்களைப் பொருத்திய அவரது கருவியில் சோறு ஒருநாள் வேகாமலும் மறுநாள் குழைந்தும் போனது. அரிசியின் தன்மையும் நீரின் அளவும் சற்று மாறினாலே எல்லாம் பிழைத்துவிடும். பிற்காலத்தில் உலகமே வியந்த பொறியியல் திறமை அந்த முயற்சிக்குக் கைகொடுக்கவில்லை. கருவி விற்பனைக்கே வரவில்லை.

இக்கதையின் அடுத்த கட்டம் 1950களின் தொடக்கத்தில் தோஷிபா நிறுவனத்தில் ஆரம்பமாகிறது. சலவை இயந்திரங்களின் விற்பனையை ஊக்குவிப்பதற்காக ஊர் ஊராகச் சென்ற ஷோகோ யமாடா என்ற அலுவலர், தாம் சந்தித்த குடும்பப் பெண்களிடம் வீட்டுவேலைகளுள் மிகக் கடினமானது எது என்று வினவினார். துணி துவைப்பதைவிட மூன்று வேளையும் சோறு சமைப்பதே பெரும் சிரமம் என்பது அவருக்குக் கிடைத்த பதில். கமதோ எனப்படும் அடுப்பை விடியுமுன் எழுந்து மூட்ட வேண்டும். தீ கூடினாலும் குறைந்தாலும் சோறு கெடும். ஆகவே அடுப்பைவிட்டு அகலவும் முடியாது. இவ்விடத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களில் எவரும் மின்சாரச் சோற்றுப் பானை வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் சொன்னது தமது சிரமத்தை மட்டுமே. அதற்கான தீர்வைக் காணும் பொறுப்பு யமாடாவுடையது.

அவர் அப்பணியை யொஷிடாடா மினாமி என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளரிடம் ஒப்படைத்தார். மினாமிக்குச் சோறு சமைக்கத் தெரியாது. அதனை அறிந்தவர் அவருடைய மனைவி புமிகோ. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்பெண்மணி அடுப்பிலும் வாயுவிலும் மின்சாரத்திலும் மாறிமாறிச் சமைத்து, வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்துவைத்தார். கொதிநிலையை அண்மித்த வெப்பத்தில் சுமார் 20 நிமிடம் வைத்திருந்தால் சோறு நன்கு வேகும். அதன்பின் வெப்பத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதே அவருடைய குறிப்புகளிலிருந்து பெறப்பட்ட முடிவு. அவ்வாறாயின் அந்த 20 நிமிடம் முடிந்துவிட்டது என்பதைக் கருவி எவ்வாறு அறிந்துகொள்ளும்?

விடை மிக எளிமையானது. ஒரு பானைக்குள் இன்னொரு பானை. உட்பானையில் அரிசியும் நீரும் இருக்க, வெளிப்பானையில் ஒரு கோப்பை அளவு நீர் மாத்திரம் ஊற்றப்படும். அந்நீர் முழுவதும் ஆவியாகிப் போவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். நீர் உள்ளவரை வெப்பநிலை 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. நீர் வற்றியதும் அது சடுதியாக உயரும். அவ்வுயர்வினால் ஈருலோகத் தகடொன்று வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்த இக்கருவி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் ஜப்பானிய வீடுகளில் பாதியளவைச் சென்றடைந்தது. கஞ்சி வடித்துச் சமைத்துப் பழகிய எமது மூதாட்டிகள் சிலர் அதன் சோற்றை இன்றும் சோறென ஏற்பதில்லை என்பது வேறு கதை.

இபுக்காவின் முயற்சிக்கும் மினாமி தம்பதியரின் முயற்சிக்கும் இடையிலான வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. ஈருலோகத் தகடு அக்காலத்தில் எவருக்கும் புதியதன்று. சோறு எவ்வாறு சோறாகிறது என்பதை அறிந்த ஒருவர் இரண்டாவது முயற்சியில் இருந்தார். முதலாவதில் இருக்கவில்லை. புதிய உற்பத்தி பற்றிய எண்ணங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்ற வினாவுக்கு நாம் தேடும் விடையின் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது எனலாம்.

ஒரு பொருளுக்கோ சேவைக்கோ முழுப் பொறுப்பாளராக ஒருவரை நியமிக்கும் வழக்கம் இப்போது கொழும்பின் வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள் எனப் பல இடங்களிலும் பரவியுள்ளது. தொழிற்சாலையில் உற்பத்தியை மேற்பார்வை செய்யும் முகாமையாளர் வேறு. எதை உற்பத்தி செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இந்த முகாமையாளர் வேறு. இப்பதவியின் வேர் 1931 மே 13 ஆம் திகதியிடப்பட்ட ஒரு குறிப்பாணையில் இருப்பதாகப் பலரும் கூறுவர். அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் கமே சவர்க்காரத்தின் விளம்பரப் பணியிலிருந்த 26 வயதான நீல் மெக்எல்ரோய், ஒவ்வொரு வர்த்தகப் பெயருக்கும் தனியான பொறுப்பாளர் தேவை என வாதிட்டு மூன்று பக்கங்களில் அதனை எழுதினார். பின்னர் இவர் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராகவும் பதவி வகித்தார். விற்பனை குன்றிய பிரதேசங்களுக்குப் பொறுப்பாளர் நேரில் சென்று, விற்பனையாளர்களிடமும் வாங்குபவர்களிடமும் விசாரித்துக் குறையைக் கண்டறிய வேண்டும் என்பது அக்குறிப்பாணையின் கூறுகளுள் ஒன்று. பதவி உலகெங்கும் பரவிவிட்டது. நேரில் செல்லும் கடமையை மட்டும் பலர் வழியில் தவறவிட்டுவிட்டனர் போலும்.

மக்களிடம் கேட்டால் போதாதா என்ற கேள்வி எழக்கூடும். கொக்கா கோலா நிறுவனம் கேட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, பெரும்பான்மையினர் விரும்பிய புதிய சுவையை 1985 ஏப்ரலில் சந்தைக்கு விட்டு, பழையதை நிறுத்திக்கொண்டது. எதிர்ப்பு வெடித்தது. 79 நாட்களில் பழைய பானம் திரும்பி வந்தது. எந்தக் குவளை சுவையானது என்று கேட்கப்பட்டதே தவிர, நீங்கள் பழகிய பானம் இனிக் கிடைக்காது என்றால் என்ன செய்வீர்கள் என்று போதியளவு கேட்கப்படவில்லை. கேள்வி தவறானால் பதிலளிப்போரின் தொகையை எவ்வளவு கூட்டினாலும் பயன் கிட்டாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் கென்யாவில் கிடைத்தது. பிரித்தானியாவின் வொடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஹியூஸ், சூசி லோனி ஆகியோர் பிரித்தானிய அரசின் நிதியுதவியுடன் 2005 ஒக்டோபரில் அங்கு ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை ஆரம்பித்தனர். நுண்கடன் பெற்றவர்கள் தமது தவணைப் பணத்தைக் கைத்தொலைபேசி மூலம் செலுத்த வழிசெய்வதே அதன் நோக்கம். பங்குபற்றியவர்கள் ஐந்நூறு பேர் அளவிலேயே இருந்தனர். எனினும், அந்தச் சிறு கூட்டம் திட்டமிட்டவர்கள் எதிர்பாராத பல காரியங்களைச் செய்தது. ஒருவருடைய தவணையை மற்றொருவர் செலுத்தினார். சிறு வணிகர்கள் தமக்கிடையே பணம் கைமாற்றிக்கொண்டனர். பயணம் புறப்படுமுன் பணத்தை வைப்பிலிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தனர். அன்றைய வருமானத்தை இரவில் பாதுகாக்கும் பெட்டகமாகவும் சிலர் அதனைப் பயன்படுத்தினர்.

கண்டிப்பான முகாமையாளர் ஒருவர் இவற்றையெல்லாம் துஷ்பிரயோகம் எனக் கருதித் தடுத்திருப்பார். அத்திட்டத்தை நடத்தியவர்களோ அதனைக் குறித்துவைத்தார்கள். மறுபுறத்தில், மூல நோக்கமான கடன் தவணை விடயம் நுண்கடன் நிறுவனத்தின் கணக்குகளோடு பொருந்தாமல் சிக்கலாகவே இருந்தது. 2007 மார்ச்சில் சபாரிகொம் நிறுவனம் எம்-பெசா என்ற பெயரில் சேவையை நாடு முழுவதும் ஆரம்பித்தபோது, கடன் தவணை பின்தள்ளப்பட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒரேயொரு செய்தி முன்வைக்கப்பட்டது. நகரில் உழைத்துக் கிராமத்திலுள்ள குடும்பத்தைக் காப்பவர்கள் நிறைந்த நாட்டில் அச்செய்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஓராண்டுக்குள் பயனாளர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டு டயலொக் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈஸி கேஷ் சேவையும் இதே வகையைச் சேர்ந்ததாகும்.

நிறுவனங்களில் புதிய எண்ணம் தேவைப்படும்போது முதலில் செய்யப்படுவது எல்லோரையும் ஓர் அறையில் கூட்டுவதாகும். கூட்டாகச் சிந்திக்கும் இம்முறையைப் பிரபலப்படுத்தியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறையாளர். 1958 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். நால்வர் கூடிச் சிந்தித்தபோது கிடைத்த எண்ணங்களைவிட, நால்வர் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்தபோது கூடுதலான எண்ணங்கள் கிடைத்தன. பிந்திய ஆய்வுகள் பலவும் இதையே காட்டின. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. காத்திருக்கையில் தம் எண்ணத்தை மறந்துவிடுகின்றனர். எமது அலுவலகங்களில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பணிப்பாளர் முதலில் வாய்திறந்துவிட்டால் அதன்பின் அந்த அறையில் பிறப்பவை எல்லாம் அவருடைய எண்ணத்தின் கிளைகளே. ஆகவே, கூட்டத்துக்கு முன்னரே ஒவ்வொருவரும் தாம் கண்ட சிரமங்களையும் அதற்கான வழிகளையும் எழுதிக்கொண்டு வருவதும், மூத்தவர் இறுதியாகப் பேசுவதும் பணச்செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றங்களாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இத்தகைய கூட்டமொன்றில் நானும் அமர்ந்திருந்தேன். சில்லறைக் கடைக்காரர்களின் கடன் கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிச் செயலியொன்றை உருவாக்குவது எனத் தீர்மானிக்கப்பட்டது. எண்ணம் பிழையானதன்று. எட்டு மாதம் இளைஞர்கள் அறுவர் இரவுபகலாக உழைத்தனர். கடன் பெறும் ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிந்த பின்னரே கணக்குத் திறக்கும் வகையில் அச்செயலி அமைந்தது. கடைக்காரர்கள் அதனைத் தொடவில்லை. நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டபோது அந்த அறுவரில் இருவர் வேலையையும் இழந்தனர்.

பின்னர் ஒரு நாள் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை எங்கள் ஊர்க் கடையொன்றில் நின்று பார்த்தேன். ஒரு கை தராசில், மறுகை பருப்பு மூட்டையில். பாண் வாங்க வந்த சிறுவன் "அம்மா எழுதச் சொன்னவ" என்றான். முதலாளி காதில் செருகியிருந்த பேனையை எடுத்து, "சந்திவீட்டு அக்கா" என்று எழுதி எதிரே தொகையைக் குறித்தார். சில விநாடிகள்கூடப் பிடிக்கவில்லை. அக்காவின் அடையாள அட்டை இலக்கம் அவருக்குத் தெரியாது, தேவையுமில்லை. உண்மையில் உங்களுக்கு எது சிரமம் என்று கடை அடங்கியபின் கேட்டேன். கொப்பியில் எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லையாம். சம்பள நாளில் காசைக் கேட்டு முகம் முறிக்க வேண்டியிருப்பதுதான் சிரமமாம். யாராவது தமக்காகக் கேட்டுத் தந்தால் நல்லது என்று சொல்லிச் சிரித்தவாறே பலகைக் கதவுகளைச் சாத்தத் தொடங்கினார்.