அச்சின் தயக்கமும் ‘லெர்ப்’ கணக்கும்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறியில் அச்சு போய்வருவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மோட்டார் ஒரே சீராகச் சுற்றுகிறது. அச்சு அப்படி நகர்வதில்லை. பின்கோடியில் தயங்கும், அந்தத் தயக்கத்தில்தான் நாடா பாவுக்குள் பாய்ந்து கடக்கிறது. பிறகு வேகமெடுத்து வந்து ஊடையை அடித்துச் சேர்க்கும். மோட்டார் சுற்றும் வளைதண்டான கிராங்கோடு அச்சை இணைக்கும் கம்பி குட்டையாக இருந்தால் தயக்கம் இன்னும் நீளும்.

கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறவருக்கும் இதே கவலைதான். பொருள் இங்கிருந்து அங்கே போகவேண்டும்; நடுவில் எப்படிப் போவது? எளிய வழி ‘லெர்ப்’: தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) × t. t என்பது 0-இலிருந்து 1 வரை ஏறும். ஆனால் இதில் பொருள் சட்டென்று கிளம்பி, சட்டென்று நிற்கும். t இருக்கும் இடத்தில் 3t² − 2t³ என்று போட்டால் இரு முனையிலும் வேகம் சுழியாகிவிடும். கிராங்க் செய்யும் வேலையை ஒரு வரி செய்துவிடுகிறது.

பலரும் இதை விட்டுவிட்டு, மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு பிரேமிலும் நகர்த்துகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நொடிக்கு 30 பிரேம் காட்டும் போனில் மந்தமாகவும், 120 காட்டும் போனில் பாய்ச்சலாகவும் ஓடும். பங்கை 1 − e^(−kΔt) என்று, கடந்த நேரத்தை (Δt) வைத்துக் கணக்கிட்டால் (k, வேகத்துக்கு நாம் வைக்கும் எண்) இரண்டிலும் ஒரே ஓட்டம்.

யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் இயற்பியல் கணக்கு, நாம் மாற்றாதவரை, நொடிக்கு 50 முறை நடக்கும். திரையோ பல கருவிகளில் 60 முறை புதுப்பிக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் பொருள் நடுங்கும். கடைசி இரண்டு நிலைகளுக்கு நடுவே லெர்ப் செய்து காட்டினால் நடுக்கம் போகும்; அதற்கு விலை 0.02 நொடித் தாமதம்.

சுழற்சிதான் வம்பு. 350 பாகையிலிருந்து 10-க்குத் திரும்ப 20 பாகை போதும். வெறும் லெர்ப் 340 பாகை பின்னோக்கிச் சுற்றும். முப்பரிமாணத்தில் மூன்று கோணங்களைத் தனித்தனியே நகர்த்தினால் பாதை கோணலாகும். சில நிலைகளில் இரண்டு சுழல் அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஒரு திசையில் திரும்பும் வழியே அடைபடும். 1843-இல் கணிதவியலாளர் ஹாமில்டன் டப்ளினில் கண்ட குவாட்டர்னியன், நான்கு எண்களில் சுழற்சியைச் சொல்கிறது. 1985-இல் கென் ஷூமேக் அதை அசைவூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘ஸ்லெர்ப்’ கோள வில்லின்மேல் ஒரே வேகத்தில் நகரும். ஆனால் q, −q இரண்டும் ஒரே திருப்பத்தையே குறிக்கும். இரண்டு குவாட்டர்னியன்களின் புள்ளிப் பெருக்கல் குறையெண்ணாக வந்தால் ஒன்றின் குறியை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பாத்திரம் சுற்றுவழியில்தான் திரும்பும்.