தூசியும் விண்ணொளியும்

ஆன்ட்ரோமெடா விண்மீன் திரளின் ஒளி, ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் கடந்து புவியை அடைகின்றது. 1888ஆம் ஆண்டில் அதன் சுருள் வடிவை ஒளிப்படத்தில் பதித்தவர் ஐசக் இராபர்ட்ஸ் என்னும் வானியல் ஆர்வலர். இன்று ஆர்வலர் பலர் தம் வீட்டு மாடியிலிருந்தே அதனைப் படம் பிடிக்கின்றனர்.

இத்துணைத் தொலைவு வந்த ஒளியையும், படக்கருவியினுள் படிந்த சிறு தூசி மறைத்துவிடும். படத்தில் கரிய வளையம் தோன்றும். அத்தூசியைக் காற்றினால் ஊதியே அகற்றுதல் வேண்டும். உலர்ந்த துணியால் தேய்ப்பின் கீறல் விழும். கீறலோ என்றும் மாறாது.

எஞ்சிய தூசியின் நிழலை நீக்கவும் வழியுண்டு. கருவியின் அமைப்பை மாற்றாமல், சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து, விண்படத்தை அதனால் கணினியில் வகுப்பர். ஒரே காட்சியை 100 முறை எடுத்துச் சராசரி கண்டால், தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளின் குறை பத்திலொரு பங்காகும்.

எனினும், வானில் இல்லாததைப் படத்தில் சேர்த்தல் ஆகாது. வந்த ஒளியை வந்தவாறே காட்டுதல் வானியலார் கடனாகும்.