செல்லுலார் சிறைக்கு ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா: புறப்படும் முன் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் தலைநகரின் விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது லம்பா லைன் பகுதி. இங்குள்ள விடுதிகளில் தங்கும் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கான எளிய வழி, ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா. காலையில் விடுதி வாசலிலேயே ஏற்றிக்கொள்வார்கள். மானிடவியல் அருங்காட்சியகம், கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம், சாத்தம் மர அறுவை ஆலை, கார்பின்ஸ் கோவ் கடற்கரை எனப் பல இடங்களைக் காட்டுவார்கள். செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சி முடிந்ததும் இரவில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால், ஐந்தாறு இடங்களை ஒரே நாளில் அடக்கும்போது, எந்த இடத்தைக் காண்பதற்காகப் பெரும்பாலோர் கடல் தாண்டி வருகிறார்களோ, அந்தச் சிறைக்குக் கிடைப்பது ஒரு மணி நேரமோ, சற்றுக் கூடுதலோதான். தூக்குமேடை, சாவர்க்கர் இருந்த அறை, மொட்டைமாடி, நான்கைந்து புகைப்படங்கள் என்று அந்த நேரம் கழிந்துவிடுகிறது. சிறைக் கட்டடம் தன்னை எளிதில் விளக்கிக்கொள்ளாத ஒன்று. அதன் அமைப்பையும் அது கட்டப்பட்ட காரணத்தையும் முன்கூட்டியே அறிந்து செல்பவருக்கே அந்த ஒரு மணி நேரம் பயன்படும்.

சூரியன் வகுக்கும் அட்டவணை

முதலில் நேரக் கணக்கு. இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. அந்தமான் தலைநகரமோ ஏறத்தாழ 92.7 பாகையில் உள்ளது. கடிகாரம் ஒன்றே என்றாலும், இங்கு சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறைகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். சென்னையின் பழக்கத்தில் காலை உணவை நிதானமாக முடித்து 10 மணிக்குப் புறப்படும் குழு, பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விடுதியிலேயே இழந்துவிடுகிறது.

சிறையை முதலில் காட்டுகிறார்களா, கடைசியில் காட்டுகிறார்களா என்பது எனவே சிறிய கேள்வி அன்று. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சிறைக்குள் நுழைந்தால் அறைகளும் காட்சிக்கூடங்களும் பார்த்து முடியும் முன்பே வெளியேறச் சொல்லும் மணி ஒலிக்கலாம். காலையிலேயே சிறையைக் காட்டிவிட்டு, மாலையில் ஒலி-ஒளிக் காட்சிக்கு மட்டும் மீண்டும் அழைத்து வரும் சுற்றுலாவே மேலானது. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுத் தெளிவது நல்லது. நுழைவுச்சீட்டு, புகைப்படக் கருவிக்கான கட்டணம், ஒலி-ஒளிக் காட்சிக்கான சீட்டு ஆகியவை சுற்றுலாக் கட்டணத்தில் அடங்குமா, தனியே செலுத்த வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமையிலும், சாத்தம் ஆலை ஞாயிற்றுக்கிழமையிலும் மூடப்படுவது வழக்கம். அந்நாள்களில் ‘ஆறு இடங்கள்’ என்று விளம்பரம் செய்யப்படும் சுற்றுலா, நான்கு இடங்களாகச் சுருங்கிவிடக்கூடும்.

ஒலி-ஒளிக் காட்சி பெரும்பாலும் இந்தியில் நடைபெறுகிறது. ஆங்கிலக் காட்சி எந்நாளில், எத்தனை மணிக்கு என்பதை அன்றன்று விசாரிக்க வேண்டும். இந்தி தெரியாத முதியவர்களுடன் செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது முக்கியமானது. இருளில் அமர்ந்து, புரியாத மொழியில் ஒரு முழுக் காட்சியைக் கேட்டுத் திரும்புவது எவருக்கும் மகிழ்ச்சி தராது.

சிறைத் தீவில் எதற்காக ஒரு சிறை?

அந்தமான் முழுவதுமே கைதிகளின் குடியேற்றமாக இருந்தபோது, அதற்குள் தனியாக ஒரு சிறை ஏன் கட்டப்பட்டது? பயணிகள் வழிகாட்டியிடம் அரிதாகக் கேட்கும் கேள்வி இது. ஆனால், கட்டடத்தின் திறவுகோல் இதன் விடையில்தான் உள்ளது.

1857 கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் ஆங்கிலேயர் இங்கு தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினர். தொடக்க ஆண்டுகளில் நோயும் பட்டினியும் தப்பியோடியவர்களுக்கான தூக்கும் எண்ணற்றோரைக் கொன்றன. காலப்போக்கில் நிலைமை மாறியது. திறந்தவெளியில் வேலை செய்து, நன்னடத்தைச் சான்று பெற்று, நிலம் உழுது, திருமணமும் செய்துகொண்டு வாழக் கைதிகளுக்கு வழி பிறந்தது. நாடு கடத்தப்படுவது தாய்நாட்டுச் சிறையைவிட மேல் என்று கைதிகள் கருதத் தொடங்கியது அரசை உறுத்தியது. 1890இல் இக்குடியேற்றத்தை ஆய்வு செய்த லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள், வந்திறங்கும் கைதி தொடக்கக் காலத்தைக் கடுந்தனிமையில் கழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். அதன் விளைவாக 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்டதே செல்லுலார் சிறை. அரசியல் கைதிகளுக்கென்று அது கட்டப்படவில்லை. அவர்கள் பின்னர் வந்தவர்கள்.

தனிமையே தண்டனை என்பதால், கட்டடத்தின் ஒவ்வொரு அங்கமும் அதற்கேற்ப அமைந்தது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல விரிந்த ஏழு மூன்றடுக்குக் கட்டடங்கள். அவற்றில் ஏறத்தாழ 690 அறைகள். கூட்டாக அடைத்துவைக்கும் கொட்டடி ஒன்றுகூட இல்லை. ஒரு வரிசையின் முன்பக்கம் அடுத்த வரிசையின் பின்பக்கத்தைப் பார்க்குமாறு கட்டப்பட்டதால், கம்பிகளுக்கு வெளியே நோக்கும் கைதிக்குத் தெரிந்தது இன்னொரு மனித முகம் அன்று. எதிர்ச் சுவர் மட்டுமே. அறை நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும் நீளமும், மூன்று மீட்டருக்கும் குறைந்த அகலமும் கொண்டது. காற்றுக்கான திறப்பு எட்டாத உயரத்தில் இருந்தது. கதவின் தாழ்ப்பாள் சுவருக்குள் தள்ளிப் பொருத்தப்பட்டதால், உள்ளிருந்து எவ்வளவு கையை நீட்டினாலும் பூட்டை எட்ட முடியாது.

பேருந்துக் குழுவிலிருந்து ஐந்து நிமிடம் விலகி, கூட்டமில்லாத ஓர் அறைக்குள் தனியே நின்று பார்ப்பது இவற்றை உணரப் போதுமானது. எல்லோரும் மேல்தளத்தின் கோடியில் உள்ள சாவர்க்கரின் அறைக்கு விரைவதால், மற்ற அறைகள் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடக்கின்றன.

செக்கும் வ.உ.சி.யும்

இரு கட்டட வரிசைகளுக்கு இடையே இருந்த கொட்டகையில்தான் கைதிகளின் வேலைகள் நடந்தன. தேங்காய் நாரைத் தட்டிப் பிரிப்பது, கயிறு திரிப்பது, செக்கிழுப்பது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும் என்பது விதிக்கப்பட்ட அளவு. ஏறத்தாழ 13.6 கிலோ. மாடு இழுக்கும் செக்கை மனிதனை இழுக்கவைத்து, அளவு குறைந்தால் கசையடி, கைவிலங்கு என்று தண்டனைகள் தொடர்ந்தன.

இந்தச் செக்கின் முன் நிற்கும் தமிழர்களுக்கு வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் அந்தமான் சிறையில் இருந்தார் என்று எண்ணுவோரும் உள்ளனர். அது சரியன்று. 1908இல் அவருக்கு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அவர் தண்டனையைக் கழித்தது கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில். விடுதலையானது 1912 டிசம்பரில். அவர் செக்கிழுத்ததும் கோவையில்தான். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

தமிழகத்துடன் இச்சிறைக்கு வேறொரு தொடர்பு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு இங்கு வந்த உல்லாஸ்கர் தத்தா, சித்திரவதையால் மனநிலை குலைந்து, பின்னர் சென்னை மனநல விடுதிக்கு மாற்றப்பட்டார். 1920இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதே வழக்கின் கைதியான இந்துபூஷண் ராய் 1912இல் தம் அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1933 மே மாத உண்ணாவிரதத்தின்போது வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் இறந்தனர். 1937இல் மீண்டும் நடந்த பெரும் உண்ணாவிரதத்துக்குப் பின்னரே அரசியல் கைதிகள் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

காணாமற்போன நான்கு

இன்று பயணிகள் காண்பது ஏழில் மூன்று வரிசைகளையே. 1941 ஜூன் நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமுற்றது. பிற வரிசைகள் அதன் பின்னர் வெவ்வேறு காலங்களில் இடிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் அந்த நிலத்தில் எழுந்ததே 1963இல் தொடங்கப்பட்ட கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை. சிறையை இடிப்பதற்கு முன்னாள் அரசியல் கைதிகள் தெரிவித்த எதிர்ப்பே எஞ்சியதைக் காத்தது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். தீவு மக்களின் முதன்மை மருத்துவமனை சிறை நிலத்தில் நிற்பதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. மொட்டைமாடியில் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர், குறை சொல்லத் தயங்கவும் கூடும்.

நடுக்கோபுரத்தில் பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளத்தின் பட்டியல் மிக நீண்டது. அப்பலகைகளில் இடம்பெற்றவர்கள் அரசியல் கைதிகள். அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட சாதாரணக் கைதிகளின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் ‘லோக்கல் பார்ன்’ என்ற பெயரில் இன்றும் இவ்வூரில் வாழ்கின்றனர். 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து நாடு கடத்தப்பட்டோர் குடியேறிய கிராமங்களுக்கு மஞ்சேரி, வண்டூர், காலிகட் என்ற தாயகப் பெயர்களே நிலைத்துள்ளன. வண்டூர் கடற்கரைக்குச் செல்லும் பயணிகளில் பலர் இதை அறியாமலே திரும்புகின்றனர்.

பேருந்து நிற்காத இடங்கள்

சிறையிலிருந்து இறங்கும் வழியில், அபர்தீன் படகுத்துறைக்கு அருகிலுள்ள நீர் விளையாட்டு வளாகத்தில் ஒரு சிறிய நினைவுச் சின்னம் உண்டு. 1859 மே மாதத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து வில்லும் அம்பும் கொண்டு போரிட்டு மடிந்த அந்தமான் பழங்குடியினருக்கானது அது. தப்பியோடி அவர்களுடன் வாழ்ந்துவந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, தாக்குதல் திட்டத்தை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் தெரிவித்துவிட்டார். சுற்றுலாப் பேருந்துகள் இவ்வளாகத்தில் நிற்பதுண்டு. ஆனால் படகுச் சீட்டு வாங்குவதற்காக. நினைவுச் சின்னத்தைப் பார்க்க மூன்று நிமிடம் போதும்.

எதிரே தெரியும் ராஸ் தீவு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பயணச்சீட்டுகளிலும் பேச்சுவழக்கிலும் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் கலந்தே வழங்குவதால் இரண்டையும் அறிந்திருப்பது நலம். ராஸ் தீவுப் பயணத்தையும் சிறையையும் ஒரே நாளில் இணைக்கும் சுற்றுலாக்களும் உண்டு. கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் படகுகள் நிறுத்தப்பட்டால், அப்பகுதிக்கான கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்னரே உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு நாள் சுற்றுலா பெரும்பாலும் கடந்துசெல்லும் அத்தியாயம், ஜப்பானியர் காலம். 1942 மார்ச்சில் தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, 1945 அக்டோபர் வரை இதே சிறையைப் பயன்படுத்தியது. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் இந்நகரில் தேசியக் கொடியை ஏற்றினார். அதற்கு ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் இச்சிறையில் அடைக்கப்பட்டிருந்த 44 இந்தியர்களை ஜப்பானியர் ஊருக்கு வெளியே ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்துக்குக் கொண்டுசென்று சுட்டுக்கொன்றனர். அவர்களில் பலர் போஸின் இயக்கத்தோடு தொடர்புடைய இந்திய விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். கார்பின்ஸ் கோவ் சாலையில் கடலை நோக்கி நிற்கும் ஜப்பானியக் காவல் அரண்களைப் பேருந்தின் சன்னல் வழியே காணலாம். அவற்றைச் சுட்டிக்காட்டும் வழிகாட்டிகளும் ஹம்ஃப்ரிகஞ்சைக் குறிப்பிடுவது அரிது.

அங்குள்ள நினைவிடத்துக்குத் தனி வாகனம் அமர்த்தியே செல்ல வேண்டும். அதிகாலை ஐந்தரை மணிக்கெல்லாம் நன்கு வெளிச்சம் பரவிவிடும் ஊர் என்பதால், பிற்பகல் விமானத்தில் திரும்புவோர் புறப்படும் நாளின் காலையிலேயே அங்கு சென்றுவர இயலும். விமான நிலையத்தின் அருகிலேயே இருப்பதால், லம்பா லைனில் தங்கியிருப்போருக்கு இது மேலும் எளிது.